பாட வந்தவளுக்கு ஆண்டுக் கணக்கு எதற்கு?

கேள்வி: நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் இசை படிக்கிறேன், முதலாம் வருடம். பாட்டுச் செயன்முறையில் நல்ல புள்ளி. இசை வரலாற்றில் மட்டும் 41. நாற்பது பக்க நோட்ஸைப் பாடமாக்கி எழுதிய ஒப்படை அது. 'வாதாபி கணபதிம்' என்ற கிருதியைப் பற்றி எழுதிய பந்தியின் ஓரத்தில் விரிவுரையாளர் சிவப்பு மையில் 'சான்று எங்கே?' என்று மட்டும் எழுதியிருந்தார். கூடப் படிக்கிறவர்கள் கோயில் திருவிழாக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) மாரியம்மன் கோயில் பஜனையும், மாசி மாதம் மாமா தப்பு என்கிற பறை அடிக்கிற, மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்தும்தான். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பாட வந்த எனக்கு இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் எதற்கு? கடைசி வருட ஆய்வுக்கு இசை வரலாற்றை எடுக்கலாமா? 'டீச்சர் வேலை கிடைக்குமா, அதைக் கேள்' என்கிறார் அப்பா. எங்கள் பரம்பரை புதுக்கோட்டைப் பக்கமாம், தாத்தா சொல்வார்.

பதில்:

தங்கச்சி, முதலில் அந்தச் சிவப்பு மை. உங்களுக்கு அது அடி விழுந்த மாதிரி இருந்திருக்கும். உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி அதுதான் என்பேன். நாற்பது பக்க நோட்ஸில் இல்லாத பாடத்தை உங்கள் விரிவுரையாளர் இரண்டு சொல்லில் எழுதிவிட்டார். இன்னும் இரண்டு வரி விளக்கி எழுதியிருக்கலாம். சரி, அதை நான் எழுதுகிறேன்.

நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. வருடா வருடம் நான் திருத்துகிற தாள்களில் பாதியில் அதே பந்தி வரும். பல்லவர் தளபதி பரஞ்சோதி 642இல் சாளுக்கியர் தலைநகர் வாதாபியை அழித்தார், அங்கிருந்த கணபதியைக் கொண்டு வந்தார், பிறகு அவரே சிறுத்தொண்ட நாயனார் ஆனார், அந்தக் கணபதியைத்தான் முத்துசுவாமி தீட்சிதர் பாடினார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது பெரியபுராணத்தை எடுத்துப் பாருங்கள். சிறுத்தொண்டர் வாதாவி நகரத்தைத் துகளாக்கி எதையெல்லாம் கவர்ந்து வந்தார் என்று சேக்கிழார் பட்டியலே போடுகிறார்: 'பன்மணியும் நிதிக்குவையும் பகட்டினமும் பரித்தொகையும்'. மணி, செல்வம், யானை, குதிரை. பிள்ளையாரைக் காணோம். ஒரு கணபதி வந்த கதை சேக்கிழார் காதில் விழுந்திருந்தால், அதை விட்டுவிட்டுக் குதிரையை எண்ணிக்கொண்டிருப்பாரா?

அவர் எழுதவில்லை என்பதற்காக நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 'இது கர்ணபரம்பரைக் கதை, பெரியபுராணத்தில் இல்லை' என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த மை அங்கே விழுந்திருக்காது. நம் துறையில் வரலாறு படிப்பது என்றால் பெரும்பாலும் இதுதான். ஒரு செய்தியைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும்? ஆண்டுக் கணக்கு அதற்கு ஒரு கைப்பிடி. கைப்பிடியை மட்டும் நாற்பது பக்கம் பாடமாக்கினால் மண்டைதான் காயும்.

அதே கிருதியை இன்னும் கொஞ்சம் தோண்டுவோம், ஏனென்றால் நீங்கள் பாடகி, இது உங்கள் தொண்டை சம்பந்தப்பட்ட விஷயம். தீட்சிதர் காலமானது 1835இல், எட்டயபுரத்தில். அவர் கிருதிகள் ஸ்வரக் குறிப்போடு பெருந்தொகையாக அச்சில் வந்தது 1904இல், சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில், அதே எட்டயபுரத்திலிருந்து. நடுவில் 69 வருடம். சுப்பராம தீட்சிதர் பிறந்ததே 1839இல், அதாவது முத்துசுவாமி தீட்சிதர் பாடி அவர் கேட்டதில்லை. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வளர்த்த பிள்ளை அவர். ஆகவே அந்தப் புத்தகம் குடும்பத்துக்குள் கைமாறி வந்த பாடம். நம்பத் தகுந்தது, ஆனாலும் கைமாறியது. அதில் இருக்கிற 'வாதாபி'யையும் இன்று மேடையில் கேட்கிற 'வாதாபி'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்லவியில் ஒரே வரியை விதவிதமாக மாற்றி நீங்கள் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகிற சங்கதிகள் எல்லாம் அதில் இருக்காது. பலவற்றைப் பின்னால் மகா வைத்தியநாத ஐயர் சேர்த்தார் என்பது பாடகர்களிடையே வழங்கி வருகிற செய்தி. அடுத்த தடவை அதைப் பாடும்போது எந்த வரி 1904 அச்சில் இருக்கிற பாடம், எந்த வரி அதற்கு வெளியே வளர்ந்தது என்று தெரிந்து பாடுவீர்கள். பாட வந்தவளுக்கு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். தெரிந்து பாடினால் சங்கதி போடுகிற இடத்தில் குரல் தானாக நிதானிக்கும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், செய்து பாருங்கள்.

பழைய ஒலித்தட்டுகளிலும் இதே பொறி இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்திய தட்டுகள் இப்போது போனிலேயே கேட்கக் கிடைக்கின்றன. கேட்டுவிட்டு ஒரு மாணவன் 'அக்காலத்தில் ஆலாபனை மிகச் சுருக்கமாகவே பாடப்பட்டது' என்று எழுதினான். தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும், அண்ணே! பாடினவர் மணிக்கணக்காகப் பாடக் கூடியவராக இருந்தாலும் ஊசி உள்வட்டத்துக்கு வந்ததும் நிறுத்தத்தான் வேண்டும். அந்தத் தட்டுக்குப் பாடகரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான், தன் அளவைப் பற்றித்தான் அது முதலில் பேசுகிறது.

புதுக்கோட்டை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில்தான் குடுமியான்மலை. அங்கே பாறையில் 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, கிரந்த எழுத்தில், வரிசை வரிசையாக ஸ்வரக் கோவைகள். இசையைக் குறியீடாக எழுதி வைத்த பழைய சான்றுகளில் அது மிக முக்கியமானது. முடிவில் தமிழில் 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய' என்று ஒரு வரி. அந்த எட்டும் ஏழும் எதைக் குறிக்கின்றன என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். உங்கள் வகுப்பில் யாராவது பரம்பரைப் பெருமை பேசினால் இதைச் சொல்லுங்கள். சும்மா, ஒரு தடவைக்குச் சொல்லலாம், தப்பில்லை.

விபுலானந்த அடிகளை இந்த நாட்டில் இசை படிக்கிற எல்லாரும் பெயரளவிலாவது அறிவோம். அவர் செய்த வேலையை மட்டும் இந்தக் கேள்வியோடு ஒரு தடவை பாருங்கள். பழந்தமிழரின் யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. கருவி இல்லை, வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை, குறிப்புப் புத்தகம் இல்லை. இருந்தது சிலப்பதிகாரமும் பழைய உரைகளும் கணக்கும். அவர் விஞ்ஞானப் பட்டதாரி, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கு தெரிந்தவர். அதை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்து, 1947இல் 'யாழ்நூல்' அரங்கேறிய அடுத்த மாதமே கண்ணை மூடினார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்கவில்லை. நீங்களும் ஏற்க வேண்டியதில்லை. எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்குப் போகிறார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு ஒரு அத்தியாயம் படித்தால் போதும், ஒப்படை எழுதுவது எப்படி என்று தெரிந்துவிடும்.

இனி மாமாவின் தப்புப் பறைக்கு வருவோம். கடிதத்தில் அரை வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்குப் பேச்சே அங்கேதான்.

கூச்சம் ஏன் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் தலவாக்கலைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன், எனக்குத் தெரியும். தப்பு என்றால் சாதி, தப்பு என்றால் சாவு வீடு. படித்து வெளியே வந்த பிள்ளை மிருதங்கத்தைப் பற்றிப் பேசலாம், தப்பைப் பற்றிப் பேசினால் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கருவியை ஒரு நிமிடம் கருவியாக மட்டும் பாருங்கள். கூத்துக்கு முன்னால் மாமா என்ன செய்வார்? கோயிலுக்குப் பின்னால் சருகும் தேயிலைக் கவ்வாத்துக் குச்சியும் போட்டு நெருப்பு மூட்டுவார். தப்பை நெருப்புக்கு நேரே சாய்த்துப் பிடித்து, தோலை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார். 'தொப்பு தொப்பு' என்று இருந்த சத்தம் மெல்ல ஏறி 'டண்' என்று வரும்போது எழும்புவார். எங்கள் குளிரிலும் பனியிலும் தோல் சீக்கிரம் இறங்கிவிடும், அரை மணிக்கு ஒரு தடவை மறுபடி காய்ச்ச வேண்டும். தம்புராவுக்குப் பிருடையைத் திருகுகிற வேலைதான் அது. தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மற்றக் கையில் மெல்லிய நீளச் சிண்டுக்குச்சி. இரண்டு குச்சிக்கும் இரண்டு வேலை. மாமாவிடம் கேட்டால் எது அடி, எது நிரப்பல் என்று பிரித்துச் சொல்வார்.

அதே தப்புதான் ஒரு காலத்தில் விடியலுக்கு முன் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற கூட்டத்துக்கு, எழுப்பியது. துரைக்கும் கங்காணிக்கும் அது மணி. சாவு வீட்டில் அதற்கு வேறு அடி, சாமி ஊர்வலத்துக்கு வேறு அடி, காமன் கூத்தில் ரதி வருகிறபோது ஒன்று, காமன் எரிகிறபோது ஒன்று. ஒரு சமூகத்தின் வேலை நேரமும் துக்கமும் பக்தியும் ஒரே தோலில் ஓடியிருக்கின்றன. இதை எழுதி வைத்த புத்தகம் உங்கள் நூலகத்தில் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இப்போது ஆண்டுக் கணக்குக்கு ஒரு தடவை வேலை கொடுப்போம். தஞ்சாவூரில் மராட்டியர் ஆட்சி 1674இலிருந்து 1855 வரை. சங்கீத மும்மூர்த்திகள் (தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி) மூவரும் திருவாரூரில் பிறந்தது அந்தக் காலத்தில்தான். லாவணி என்ற மராத்திப் பாட்டு வடிவம் தமிழ்நாட்டுக்கு வந்ததும் அந்த ஆட்சியோடுதான். தஞ்சைப் பக்கத்தில் காமன் பண்டிகைக்கு லாவணிக்காரர்கள் இரண்டு கட்சியாக உட்காருவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறு கட்சி, விடிய விடியப் பாட்டிலேயே சண்டை. தியாகராஜர் திருவையாற்றில் மறைந்தது 1847. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஆட்கள் கடல் தாண்டி, மன்னார்க் காட்டுப் பாதையில் நடந்து, மாத்தளை வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்ததும் அதே வருடங்களில்தான். நோட்ஸில் ஒன்று 'இசை வரலாறு' என்ற தலைப்பில் இருக்கிறது, மற்றது இசைப் பாடத்தில் எங்கேயும் இல்லை. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற நாற்பது பேரில் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கக் கூடியவர் யார்?

உங்கள் தோட்டத்துக் காமன் கூத்துப் பாட்டில் லாவணித் தடம் இருக்கிறதா, இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டைக் கேட்காமல் சொன்னால் எனக்கும் யாராவது சிவப்பு மையில் எழுதுவார்கள். இருக்கலாம், கரைந்து போயிருக்கலாம், வேறு மெட்டு வந்து மேலே உட்கார்ந்திருக்கலாம். ஆய்வுக்கு அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஆகவே, எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில்: எடுங்கள். ஆனால் 'மலையக நாட்டார் இசை - ஓர் ஆய்வு' என்று மலையளவு தலைப்பு வேண்டாம். ஒரு தோட்டம், ஒரு கூத்து, ஒரு குழு. அது போதும்.

நான் கெடுத்த ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில், விடுமுறையில் எங்கள் அப்பாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாட்டுகளை ஒரு கொப்பியில் எழுதினேன். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்தெடுக்கும்போது பாடினது என்று முப்பதுக்கு மேல். எழுத்து வடிவாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே 'மெட்டு' என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். அந்த வரியில் பெரும்பாலும் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? 'வழக்கமான மெட்டு.' அப்பாயி போய் இருபது வருடமாகிறது. வழக்கமான மெட்டு எது என்று இப்போது எனக்கே தெரியாது. சங்கீதம் படித்தவன், ஸ்வரம் எழுதத் தெரிந்தவன், நாலு வரி எழுதி வைக்கத் தோன்றவில்லை. அதெல்லாம் சங்கீதத்தில் சேராது என்று நினைத்திருக்கிறேன் போல.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்துத் தந்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் சொற்களாவது மிஞ்சின. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் தோட்டத்துக் கூட்டங்களில் பாடியே தொழிலாளரைத் திரட்டினார், அவர் பாட்டுகள் சிறு நூலாகவும் வந்தன. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே 'இன்ன பாட்டின் மெட்டு' என்று போடுவது வழக்கம். அதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த மெட்டு ஒரு சினிமாப் பாட்டு என்றால், படம் வந்த வருடத்துக்கு முன்னால் இந்தப் பாட்டு எழுதப்பட்டிருக்க முடியாது. அச்சில் ஆண்டு இல்லாத புத்தகத்துக்குக்கூட ஒரு பக்க வேலி கிடைத்துவிடும். 'நூலகம்' இணையத்தளத்தில் மலையகம் சம்பந்தமான பழைய நூல்களும் சஞ்சிகைகளும் நிறைய இருக்கின்றன, காசில்லை, போனில் படிக்கலாம்.

அப்பாவுக்கு: டீச்சர் வேலைதான் இந்தப் பட்டத்துக்கு முதல் வழி, அதில் ஒளிவு மறைவு இல்லை. பட்டம் முடித்து ஆசிரியர் சேவைப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும், அது எப்போது வரும் என்று அரச வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆய்வுக்கு வரலாற்றை எடுத்தாலும் பாட்டை எடுத்தாலும் கையில் கிடைப்பது அதே இசைப் பட்டம்தான், வேலைக்கு அதனால் குறை வராது. மேலே படித்தால் பல்கலைக்கழகமோ, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மாதிரி இடமோ என்று வாசல் கொஞ்சம் அகலும். இசை வரலாற்றை மட்டும் நம்பிச் சோறு சாப்பிடுகிறவர்கள் இந்த நாட்டில் விரல் விட்டு எண்ணக் கூடிய அளவுதான். நானும் பாட்டு வகுப்பு எடுத்துத்தான் வீடு கட்டினேன். அப்பா பயப்படுவது நியாயம், அவரோடு சண்டை போடாதீர்கள்.

இதற்காகப் பாட்டுச் சாதகத்தையும் விட்டுவிடாதீர்கள். பாடாத காதுக்குப் பழைய தட்டில் கரகரப்பு மட்டும்தான் கேட்கும்.

அடுத்த ஒப்படைக்கு ஒரு யோசனை. நோட்ஸை மூடி வையுங்கள். உங்களுக்கு நன்றாகப் பாட வருகிற ஒரே ஒரு கிருதியை எடுங்கள். அது எங்கே முதலில் அச்சானது, யார் சொல்லி யார் எழுதினார், மூன்று பேர் பாடியதில் எங்கெங்கே வித்தியாசம், கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற கதைக்கு ஆதாரம் என்ன? இந்த நாலையும் தேடிக்கொண்டு போனால் ஆண்டுகள் தாமாக வந்து ஒட்டும். எழுதினதும் அந்தச் சிவப்பு மை விரிவுரையாளரிடம் நேரே கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரு பிள்ளை இப்படி வந்து நின்றால் எந்த வாத்தியாருக்கும் வயிறு நிறையும்.

மாசிக்கு ஊருக்குப் போவீர்கள்தானே. கம்பம் ஊன்றுகிற அன்றே போய்விடுங்கள், எரிகிற இரவுக்கு மட்டும் போனால் பாதிதான் கிடைக்கும். பதிவு செய்யலாமா என்று மாமாவிடம் மட்டும் கேட்டால் போதாது, கூத்துக்காரர் எல்லாரிடமும் கேளுங்கள். பதிவின் பிரதி ஒன்றை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பாட்டைப் பதிகிறதற்கு முன்னால், மாமா தப்பைக் காய்ச்சுகிற அந்த நேரத்தையும் பதியுங்கள், தோல் ஏறுகிற சத்தம் அதில் இருக்கட்டும். கூத்து முடிந்து இரண்டு நாள் கழித்து, அவர் களைப்பு ஆறினதும், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு அடியாக அடிக்கச் சொல்லி அதற்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்கிற பெயரையே எழுதுங்கள். ஆதி தாளம், ரூபகம் என்று நம் பெயரை அதன் மேல் ஒட்டவே வேண்டாம், அதெல்லாம் பிறகு. பெயர் இல்லை, சும்மா அடிக்கிறதுதான் என்று சொன்னால் அதையும் அப்படியே எழுதி, வாயால் சொல்லிக் காட்டச் சொல்லி அந்தச் சொற்கட்டையும் பதிந்துகொள்ளுங்கள். போனுக்கு இன்னொரு பேட்டரி கொண்டு போங்கள், அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்தில் கரண்ட் போகும்.